வழிவிடாத குடல்: 78 வயதுப் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பக்கத்துக்கு ஏழு கட்டங்கள். மலம் கழித்த நாளுக்கு மட்டும் ஒரு டிக். கடந்த நான்கு மாதங்களின் பக்கங்களில் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு டிக்தான், சில வாரங்களில் அதுவும் இல்லை. "அதற்கு முன்பு இப்படி எழுதி வைக்கவேண்டிய அவசியமே வரவில்லை, டாக்டர்" என்றார். வயது 78, ஓய்வுபெற்ற ஆசிரியை. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கை மாற்றவில்லை.

இந்த நிகழ்வை எழுத ஒரு காரணம் உண்டு. முதியவர்களின் மலச்சிக்கல் என்றதும் "குடல் பலவீனமாகிவிட்டது, தள்ள முடியவில்லை" என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். நானும் அப்படித்தான் நினைத்து முதல் மருந்தை எழுதினேன். அது தவறு. குடலில் ஒன்று நகரவேண்டுமென்றால் பின்னால் இருக்கும் தசை சுருங்கினால் மட்டும் போதாது, முன்னால் இருக்கும் தசை தளர்ந்து வழிவிடவும் வேண்டும். அந்தத் தளர்வு தானாக நிகழ்வதில்லை. நரம்புகள் ஒவ்வொரு கணமும் வேதிப்பொருள்களை வெளியிட்டு அதை உண்டாக்குகின்றன. வயதாகும்போது இந்த வேதிச் செய்தி எங்கெங்கே மெலிகிறது என்பதை இவருடைய குடலே எனக்குக் காட்டிக்கொடுத்தது.

முதல் சந்திப்பு

வயிறு உப்புசம், மாலையில் அதிகம். மலம் கெட்டி. ரத்தம் போகவில்லை, எடை குறையவில்லை, வாந்தி இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது இடது கீழ்ப்பக்கத்தில் மலம் கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. ஹீமோகுளோபின், ரத்தச் சர்க்கரை, கால்சியம், தைராய்டு அளவுகள் எல்லாம் சரி. இந்த வயதில் புதிதாகத் தொடங்கும் மலச்சிக்கலுக்குப் புற்றுநோய் காரணமில்லை என்று உறுதிசெய்யாமல் அடுத்த அடி வைக்கக்கூடாது. கொலனோஸ்கோப்பி செய்தோம், அடைப்பு எதுவும் இல்லை.

மருந்துகளைக் கேட்டேன். ரத்த அழுத்தத்துக்கு லோசார்டான். மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்கி வந்து போனதில் மிஞ்சிய நரம்பு வலிக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. அவ்வளவுதான் என்றார். அமிட்ரிப்டிலின், தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புச் செய்தியான அசிட்டைல்கோலினைத் தடுக்கும், குடலை மந்தமாக்கும். ஆனால் அதை மூன்று ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார், தொல்லையோ நான்கு மாதமாகத்தான். அதைக் குறித்துக்கொண்டு, குடலைச் சுருங்கத் தூண்டும் மலமிளக்கியான பிசாகோடில் 5 மி.கி. எழுதினேன். பலன் இல்லை என்றதும் 10 ஆக்கினேன்.

பத்து நாளில் திரும்பி வந்தார், முகம் வாடியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறார், வியர்த்துக் கொட்டியிருக்கிறது, காலையில் எதுவும் வெளியேறவில்லை. "உள்ளே பிசைகிறது டாக்டர், ஆனால் ஒன்றும் நகரவில்லை" என்றார்.

எத்தனையோ முறை கேட்ட புகார்தான். அன்று அது என்னை நிறுத்தியது. பிசைகிறது என்றால் சுருங்கும் திறன் இருக்கிறது என்று பொருள். தள்ளும் தசை இன்னும் ஓயவில்லை. அப்படியானால் தடை எங்கே?

தளர்வு எப்படி நிகழ்கிறது

1899இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு உடலியலாளர்கள் நாயின் குடலில் பார்த்து எழுதியது இன்றும் இதற்கு அடித்தளம். குடலுக்குள் ஓர் உருண்டை இருந்தால் அதற்கு மேலே தசை சுருங்குகிறது, கீழே தளர்கிறது. மூளையிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிவிட்டாலும் இது நடக்கிறது. குடல் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு மண்டலம் இருக்கிறது. மனிதரில் அதன் நரம்புச் செல்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

மேலே சுருக்குவது பெரும்பாலும் அசிட்டைல்கோலின். கீழே தளர்த்துவது எது என்பதற்கு விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1960களில், அசிட்டைல்கோலினையும் நார்அட்ரினலின் வகை நரம்புகளையும் மருந்தால் முடக்கிய பிறகும் கினிப்பன்றிக் குடல் தசை நரம்புத் தூண்டலுக்குத் தளர்வதைக் கண்டார்கள். அப்படியானால் மூன்றாவதாக ஏதோ ஒன்று இருக்கவேண்டும். 1970இல் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் குழு அது ஏ.டி.பி. என்றது. செல்லின் எரிபொருளாகவே எல்லோரும் அறிந்திருந்த பொருள் நரம்புச் செய்தியையும் சுமக்கும் என்பதைப் பலர் பல ஆண்டுகள் ஏற்கவில்லை. அதே ஆண்டில் பன்றியின் சிறுகுடலிலிருந்து வி.ஐ.பி. என்ற 28 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடைப் பிரித்தெடுத்தார்கள், அதுவும் தளர்த்தும். 1990இல் நாயின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் நடந்த ஆய்வு நைட்ரிக் ஆக்சைடை இந்தப் பட்டியலில் சேர்த்தது.

இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, ஒவ்வொன்றின் வேலையும் வேறு. நரம்பு தூண்டப்பட்டதும் ஏ.டி.பி. வகைச் செய்தி முதலில் போய்ச் சேர்கிறது. செய்தியை வாங்கும் புரதமான பி2ஒய்1 ஏற்பியைத் தொட்டு, பொட்டாசியம் வாயில்களைத் திறந்து, தசையின் மின்னழுத்தத்தைச் சட்டென்று இறக்குகிறது. ஆழமான, குறுகிய தளர்வு. தேனீ விஷத்தில் இருக்கும் அபாமின் அந்த வாயில்களை அடைத்துவிடும், அடைத்தால் முதல் இறக்கம் மறையும். அதன் பின்னால் நைட்ரிக் ஆக்சைடு மெல்லத் தொடங்கி நீடித்து நிற்கிறது. அது தசையிலும் தசைக்கு இடையிலும் உள்ள ஒரு நொதியைத் தூண்டி, செல்லுக்குள் செய்தியைக் கொண்டுசெல்லும் சைக்ளிக் ஜி.எம்.பி.யை உண்டாக்குகிறது, அதன் வழியாகச் சுருக்கத்துக்கு வேண்டிய கால்சியம் குறைகிறது. வி.ஐ.பி. அதைப் போன்ற சைக்ளிக் ஏ.எம்.பி. வழியாக அதே வேலையைச் செய்கிறது.

நைட்ரிக் ஆக்சைடு மற்ற நரம்புச் செய்திகளைப் போல் பைகளில் சேமித்து வைக்கப்படுவதில்லை. தூண்டல் வரும்போது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நொதி அதை அந்த நொடியே தயாரிக்கிறது, சில நொடிகளில் அது அழிந்தும் போகிறது. கையிருப்பு என்று எதுவும் இல்லை. நொதி குறைந்தால் செய்தி அன்றே குறையும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு காட்சியை நான் மறக்கவில்லை. மாணவனாக இருந்தபோது பெருங்குடலின் வட்டத்தசைத் துண்டு ஒன்றை 37 டிகிரி உப்புக் கரைசலில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். நரம்புகளை முழுக்க ஊமையாக்கும் டெட்ரோடாக்சினைச் சேர்த்தார் ஆசிரியர். நரம்பு செத்தால் தசை ஓயும் என்று எதிர்பார்த்து நின்றேன். பதிவு முள் மேலே ஏறியது. துண்டு முன்பைவிட வலுவாக, ஓயாமல் சுருங்கத் தொடங்கியது. பெருங்குடலின் வட்டத்தசையை நரம்புகள் நாள் முழுவதும் அடக்கி வைத்திருக்கின்றன என்பது அப்போது புரிந்தது. அடக்கும் செய்தி நின்றால் தசை தன்போக்கில் பிசையும், ஆனால் எதையும் நகர்த்தாது.

இந்த அம்மா சொன்னதும் அதுவே.

சோதனைகள்

மலமிளக்கியை நிறுத்திவிட்டு, எக்ஸ்ரேயில் தெரியும் 24 சிறு வளையங்கள் கொண்ட மாத்திரையை விழுங்கச் செய்தோம். ஐந்தாம் நாள் படம் எடுத்தால் ஐந்துக்கு மேல் மிஞ்சக்கூடாது. இவருக்கு 16 மிஞ்சியிருந்தன. அவை மலக்குடலில் குவிந்து கிடந்திருந்தால் வெளியேறும் வாசலில் கோளாறு என்று கொள்ளலாம். அப்படி இல்லை. குறுக்குக் குடலிலும் இறங்கு குடலிலும் சிதறிக் கிடந்தன. குடலின் நடையே தளர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

அடுத்து ஆசனவாய் அழுத்தச் சோதனை. மலக்குடலுக்குள் ஒரு பலூனை ஊதினால் உட்புறச் சுருக்குத் தசை தானாகத் தளரவேண்டும். இந்த அனிச்சைச் செயல் குடல் சுவரின் சொந்த நரம்புகளால் நடப்பது, அதில் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பெரும் பங்கு உண்டு. பிறவியிலேயே குடல் நரம்புச் செல்கள் இல்லாத ஹிர்ஷ்பிரங் நோயில் இது அறவே இருக்காது. நோயாளியின் உடலைத் திறக்காமல் தளர்வின் வேதியியலை நேரில் பார்க்கக் கிடைக்கும் சிறு ஜன்னல் இதுதான் என்பதால், இந்தச் சோதனையை நான் எப்போதும் திரையருகே நின்றே பார்ப்பேன்.

20 மி.லி. காற்று. திரையில் அழுத்தக் கோடு அசையவில்லை. 30. லேசாக நடுங்கியது. 50 ஆனதும் இறங்கியது, ஆனால் பாதி ஆழம்கூட இல்லை, உடனே ஏறியும்விட்டது. இறங்கியதால் நரம்புகள் இருக்கின்றன என்று தெரிந்தது. செய்தி போகிறது, போதுமான அளவில் போகவில்லை.

முதுமை எங்கெல்லாம் கைவைக்கிறது

இதற்கு எளிய விடை "நரம்புகள் செத்துவிடுகின்றன" என்பது. அது அரைகுறை உண்மை. வயதான எலிகளிலும் மனிதப் பெருங்குடலிலும் எண்ணிப் பார்த்தபோது, குறைவது பெரும்பாலும் அசிட்டைல்கோலின் வகை நரம்புச் செல்கள். நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் செல்கள் எண்ணிக்கையில் ஏறத்தாழ அப்படியே நிற்கின்றன. இதைப் படித்துவிட்டு, முதுமையில் தளர்த்தும் பக்கம் பத்திரமாக இருக்கிறது, சுருக்கும் பக்கம்தான் பாழ் என்று முடிவு கட்டுவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. தலையை எண்ணினால் தபால்காரர்கள் எத்தனை பேர் என்று தெரியும், தபால் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

தயாரிப்பில் பார்த்தால், வயதான எலிகளின் பெருங்குடலில் நைட்ரிக் ஆக்சைடு நொதி குறைந்திருப்பது பதிவாகியிருக்கிறது. செல் உயிரோடு இருக்கும், உள்ளே உற்பத்தி மந்தம். கடத்தலில், அதே வகை நரம்பிழைகள் ஆங்காங்கே வீங்கி முடிச்சு முடிச்சாகத் தெரிகின்றன. மொட்டைப் போன்ற அந்த வீக்கங்களை நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தவர்கள் "எண்ணிக்கை குறையவில்லை" என்ற வாக்கியத்தோடு நிறைவடையமாட்டார்கள். பயணத்திலும் இழப்பு உண்டு. வயதான திசுவில் கூடுதலாக உண்டாகும் சூப்பர்ஆக்சைடு என்ற வினைமிகு ஆக்சிஜன் வகை, நைட்ரிக் ஆக்சைடைத் தசையை எட்டும் முன்பே பிடித்துப் பெராக்சிநைட்ரைட்டாக மாற்றிவிடும். அது வெறும் இழப்பு அல்ல, திசுவைத் தாக்கும் பொருளும்கூட.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது பெறும் இடம். நரம்புக்கும் தசைக்கும் நடுவே காஹால் இடையீட்டுச் செல்கள் என்ற ஒரு வலை இருக்கிறது. குடலின் மெதுவான மின் அலைத் தாளத்தை உண்டாக்குவதும் அவையே, நைட்ரிக் ஆக்சைடுச் செய்தியைப் பெற்றுத் தசைக்குக் கடத்துவதில் பெரும் பங்கு வகிப்பதும் அவையே. நோயற்ற மனிதர்களின் இரைப்பையிலும் பெருங்குடலிலும் இவை பத்தாண்டுக்கு ஏறத்தாழ 13 சதவீதம் வீதம் குறைகின்றன. அப்படிப் பார்த்தால் முப்பது வயதுக்கும் எண்பது வயதுக்கும் இடையில் பாதியோ அதற்கு மேலோ போய்விடுகிறது. அனுப்புபவர் நலமாக இருந்தும் வாங்குவதற்கு ஆள் இல்லை. முதியோரின் சிக்மாய்டு குடல் (மலக்குடலுக்குச் சற்று முன்னுள்ள பெருங்குடல் பகுதி) தசையில், நரம்புத் தூண்டலுக்கு மின்னழுத்தம் இறங்கும் அளவு சிறுத்திருப்பதை 1980களிலேயே கண்டிருக்கிறார்கள். இப்போது அதைத் திரும்பிப் பார்த்தால் வியப்பில்லை.

ஏ.டி.பி. பக்கத்தில் கணக்கு இவ்வளவு நேராக வருவதில்லை. விலங்குக்கு விலங்கு, குடலின் பகுதிக்குப் பகுதி முடிவு மாறுகிறது.

இத்தனை இழப்புக்குப் பிறகும் எண்பது வயதில் நலமாக மலம் கழிப்பவர்கள் ஏராளம். இயற்கை வைத்த சேமிப்பு அத்தனை பெரியது. அப்படியென்றால் இவருக்கு நான்கு மாதங்களுக்கு முன் என்ன நடந்தது? முதுமை ஒரே வாரத்தில் வருவதில்லையே.

சொல்லாமல் விட்ட மாத்திரை

மூன்றாம் சந்திப்பில் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னேன். மகள் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினார். லோசார்டான், அமிட்ரிப்டிலின், பாதி காலியான பிசாகோடில் அட்டை. அடியில் இன்னொரு அட்டை, பாராசிட்டமாலுடன் ஓபியம் வகை வலிநிவாரணியான கோடின் சேர்ந்த வலி மாத்திரை.

"இது எதற்கு, அம்மா?"

"முழங்கால் வலிக்கு. வலி மாத்திரைதானே, இதையும் மருந்தில் சேர்க்கவேண்டுமா?"

"தினமும் எத்தனை?"

"இரண்டு. வலி அதிகமானால் மூன்று."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். மகள் விரல்விட்டு எண்ணி ஐந்து மாதம் என்றார். நோட்டுப் புத்தகம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்.

கோடின் உடலில் ஒரு பகுதி மார்ஃபினாக மாறுகிறது. குடல் நரம்பு முனைகளில் இருக்கும், மார்ஃபின் போன்றவை அமரும் மியூ ஏற்பியில் அது அமர்ந்தால் செய்தி வெளியீடு குறைகிறது. அசிட்டைல்கோலின் குறைகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தளர்த்தும் நரம்புகளின் வாயையும் அதுவே மூடுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். அடக்கும் செய்தி நின்ற வட்டத்தசை இறுகித் துண்டு துண்டாகச் சுருங்கும். என் மாணவப் பருவத்து உப்புக் கரைசலில் டெட்ரோடாக்சின் செய்ததை, குறைந்த அளவில் இந்த மாத்திரை அவர் வயிற்றில் செய்துகொண்டிருந்தது. அதன்மேல் நான் பிசாகோடிலை ஏற்றினேன். வழி திறக்காத குடலைப் பின்னாலிருந்து அடித்துத் துரத்தியதற்கு ஒப்பான செயல் அது. இரவு இரண்டு மணிக்கு அவர் பட்ட வேதனைக்கு நானும் பொறுப்பு.

இரண்டு மாத்திரை என்பது சிறிய அளவு. முப்பது வயதுக் குடல் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். அங்கே செய்தி தாராளம், வாங்கும் செல்களும் தாராளம். பாதியாகிவிட்ட இடத்தில் அதே அளவு குடலை முடக்கப் போதுமானதாகிவிடுகிறது. அமிட்ரிப்டிலின் மூன்று ஆண்டுகளாகச் சுருக்கும் பக்கத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது, குடல் சமாளித்தது. கோடின் தளர்த்தும் பக்கத்திலும் கைவைத்ததும் சமாளிக்க எதுவும் மிஞ்சவில்லை.

சிகிச்சை

இரண்டு மருந்தையும் ஒரே நாளில் நிறுத்தியிருக்கலாம். அப்படிச் செய்தால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும், நரம்பு வலியும் திரும்பக்கூடும். முதலில் கோடினை ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். முழங்காலுக்குத் தனிப் பாராசிட்டமாலும் மேலே தடவும் டிக்ளோஃபெனாக் ஜெல்லும், தொடைத் தசைக்கான உடற்பயிற்சியும். பிசாகோடிலை எடுத்துவிட்டுப் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளைக் கொடுத்தோம். அது நரம்பையோ தசையையோ தூண்டாது, மலத்தில் நீரை நிறுத்தி மென்மையாக்கும். வழி குறுகலாக இருக்கும்போது கடக்கவேண்டிய பொருளை மிருதுவாக்குவது நியாயமான உதவி.

மகள் ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. "நைட்ரிக் ஆக்சைடு குறைவு என்றால் அதையே மருந்தாகக் கொடுக்க முடியாதா?" முடியும், ஓர் இடத்தில் மட்டும். ஆசனவாய் வெடிப்புக்கு நைட்ரோகிளிசரின் களிம்பு தடவுகிறோம். அது நைட்ரிக் ஆக்சைடாக மாறி உட்புறச் சுருக்குத் தசையைத் தளர்த்துகிறது. அந்தச் சிறு அளவிலேயே பலருக்குத் தலைவலி வருகிறது, ரத்தக் குழாய்களும் சேர்ந்து தளர்வதால். முழுப் பெருங்குடலுக்கும் எட்டும் அளவு கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதோடு, தளர்வு வேண்டியது உருண்டைக்கு முன்னால் மட்டும், அந்த நொடியில் மட்டும். மாத்திரைக்கு இடமும் தெரியாது, நேரமும் தெரியாது. ஆர்ஜினின் பொடி வாங்கிக் கொடுக்கலாமா என்றும் கேட்டார், வேண்டாம் என்றேன். இவருக்கு மெலிந்திருப்பது செய்தியைத் தயாரிப்பதிலும் பெறுவதிலும் என்று கருதுகிறேன். மூலப்பொருளைக் கூட்டுவதால் அது சரியாகும் என்று நம்ப இடமில்லை.

சிரோட்டோனின் வழியாகக் குடல் அனிச்சையைத் தூண்டும் புருகலோபிரைடை 1 மி.கி. அளவில் தொடங்கலாமா என்று யோசித்தேன். காத்திருந்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அதற்குத் தேவை வரவில்லை.

பின்தொடர்வு

கோடின் நின்ற பத்து நாளில் பிசைவு போயிற்று. மலம் இளகியதற்குத் தூள் காரணமாக இருக்கலாம். பிசைவு நின்றதைத் தூளின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வாரத்துக்கு மூன்று டிக். நான்கு வாரம் கழித்து அமிட்ரிப்டிலினையும் மெல்ல நிறுத்தினோம். நரம்பு வலி கொஞ்சம் தலைகாட்டியது, லிடோகெயின் பட்டையில் அடங்கியது. டிக்குகள் நான்காயின.

எட்டு வாரம் ஆனதும் தூளைச் சில நாள் நிறுத்திவிட்டு வளையச் சோதனையை மீண்டும் செய்தோம். 16 இருந்த இடத்தில் 7. பலூன் சோதனையில் 30 மி.லி.யிலேயே கோடு இறங்கியது. 50இல் முதல் முறையைவிட ஆழமாக இறங்கி, மேலே வர நேரம் எடுத்துக்கொண்டது. அந்த நீண்ட வாலை நைட்ரிக் ஆக்சைடு திரும்பியதன் அடையாளம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உயிருள்ள மனிதரிடம் எந்தப் பகுதி ஏ.டி.பி., எந்தப் பகுதி நைட்ரிக் ஆக்சைடு என்று பிரிக்க என்னிடம் வழியில்லை. ஒரே நோயாளி, இரண்டே அளவீடு.

ஏழு என்பதை அவருக்கு விளக்கினேன். ஐந்துக்கு மேல் என்பதால் இன்னும் மெதுவான குடல்தான். மாத்திரை எடுத்துக்கொண்டது திரும்பிவிட்டது, வயது எடுத்துக்கொண்டது திரும்பவில்லை. தூளைக் குறைந்த அளவில் தொடரவேண்டும், புதிய மருந்து எதுவானாலும், தைலமே ஆனாலும், என்னிடம் காட்டிவிட்டுத் தொடங்கவேண்டும் என்றேன். அவர் நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தில் மூன்று வரியாக எழுதிக்கொண்டார். ஆசிரியையின் கையெழுத்து, ஒரு கோடும் கோணவில்லை. பிறகு முன்பக்கத்துக்குத் திருப்பி, அன்றைய கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.